மதயர சவ மயம

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் "கட்டளை" என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். பட்டம் சூட்டியவர் அக்காவின் கணவர். ஒருநாள் தன் கணினியில் ஒரு புகைப்படத்தைத் திறந்து தரச் சொன்னார். மௌஸைத் தொடமாட்டேன் என்று இவன் ஒற்றைக் காலில் நின்றான். கருப்புத் திரை ஒன்றைத் திறந்து, ஏழு வரி அடித்து, முக்கால் மணி நேரம் கழித்து அதே படத்தைத் திறந்து காட்டி, "பாத்தீங்களா அத்தான், ஒரே கட்டளைதான்" என்றான். அன்று ஒட்டிக்கொண்டது பெயர். அவன் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவே இல்லை, பாராட்டாக எடுத்துக்கொண்டான். அவனுடைய கோளாறே அதுதான்.

வயது நாற்பத்தொன்று. ஒரு பெரிய நிறுவனத்தின் சர்வர் அறையில் வேலை. ஜன்னல் கிடையாது, வருடம் முழுக்க ஸ்வெட்டர். அங்கே இருக்கும் இயந்திரங்கள் சொன்னதைச் செய்யும். செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று ஒரு வரியில் எழுதிக் காட்டும். மனிதர்களும் இப்படி இருந்தால் தேவலை என்பது அவன் அபிப்பிராயம். சொந்தமாக ஒரு வலைப்பூ வைத்திருந்தான். அதைப் பதினொரு முறை இடித்துக் கட்டியிருக்கிறான். அதிலிருந்த பதினொரு கட்டுரைகளும் அதை ஏன் இடித்துக் கட்டினேன் என்பதைப் பற்றியவை.

அக்கா அவனுக்கு நேர் எதிர். அவள் வேலை முழுக்க மனிதர்களோடு, அதுவும் சொன்னதைச் செய்யாத மனிதர்களோடு. பிசியோதெரபிஸ்ட். ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் பின்னால் தரைத்தளத்தில் இரண்டு அறை எடுத்து, "முதியோர் சேவை மையம்" என்று பலகை மாட்டியிருந்தாள். இடுப்பும் தொடையும் முறிந்து, எலும்பு சேர்ந்த பிறகும் பயத்தில் படுக்கையை விட்டு இறங்காதவர்களை நடக்க வைப்பதுதான் சேவை. பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு நீளக் கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி, எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காத நான்கு மரப்படிகள், சக்கர நாற்காலியை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டி. அவ்வளவுதான் மையம்.

இருபத்தாறு வயதில் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட கட்டளையையும் அவள்தான் நடக்க வைத்தாள். மூன்று மாதம் படுத்துக்கிடந்தவனை வராந்தாவில் நிறுத்தி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணியபடி பின்னாலேயே வந்தாள். அவன் திட்டினான், அழுதான், அவள் அம்மாவிடம் போட்டுக் கொடுப்பேன் என்று கூட மிரட்டினான், தனக்கும் அதே அம்மாதான் என்பது மறந்துபோய். அவள் எண்ணிக்கையை விடவில்லை. இன்றைக்கு அவன் வைக்கும் ஒவ்வொரு அடியும் அவள் எண்ணிக் கொடுத்தது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அவனுக்குப் பதினைந்து வருடமாக இருந்தது. ஆகவே அவள் வாய்விட்டு ஒரு உதவி கேட்டபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

விஷயம் இது. ஊரிலிருந்த எலும்பு மருத்துவமனை, வீட்டுக்கு அனுப்பும் முதியவர்களுக்கு அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒரு சீட்டு கொடுக்கத் தீர்மானித்திருந்தது. அந்தச் சீட்டில் அக்காவின் மையத்தைப் பதினைந்து நாள் போட்டுப் பார்ப்பார்கள். சீட்டோடு ஒருவராவது வந்து சேர்ந்தால் பெயர் நிலைக்கும். ஒருவர்கூட வராவிட்டால் அந்த இடம் வேறொரு மையத்துக்குப் போய்விடும். போனால் மையத்தை மூடிவிட்டு மறுபடி வார்டு வேலைக்கே போகவேண்டியதுதான் என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கையிலிருந்த துண்டை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

சீட்டைப் பார்ப்பவர்கள் படித்துத் தெரிந்துகொள்ள இணையத்தில் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பது மருத்துவமனையின் ஒரே நிபந்தனை. பெயர், தொலைபேசி எண், வழி. அதோடு, வருகிறவர்களுக்காக அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்த பன்னிரண்டு குறிப்புகள். நாற்காலியிலிருந்து எழுவது எப்படி, குளியலறையில் எதைப் பிடித்துக்கொள்வது, காலையில் எவ்வளவு தூரம் நடப்பது என்று எல்லாம் அரைப் பக்கம், முக்கால் பக்கம். கண்ணாடிக் கடைக்காரி, தான் கடைக்குச் செய்ததுபோலவே மௌஸால் இழுத்து இழுத்து வைத்து அரை மணி நேரத்தில் செய்து தருவதாகச் சொல்லியிருந்தாள்.

கட்டளைக்குச் சுருக்கென்றது.

"இழுத்து வைக்கிறதா? அக்கா, அதெல்லாம் கேக்குறப்ப கேக்குறப்ப அடுப்பு மூட்டிச் சமைக்கிற பக்கம். நான் செய்யுறது முன்னாடியே சமைச்சு, மூடி வச்ச பக்கம். வந்தவங்க கையில உடனே தட்டைக் குடுத்துடலாம். எல்லாத்தையும் சாதாரண எழுத்துக் கோப்பா எழுதி வச்சுட்டு, ஒரே ஒரு கட்டளை அடிச்சாப் போதும். மொத்தத் தளமும் தயார்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரே கட்டளைதான்னு சொல்றேன்ல" என்றான் கட்டளை. கேள்விக்கு அது பதில் இல்லை என்பதை அக்கா கவனித்தாள். தம்பி ஆசையாகச் சொல்கிறானே என்று விட்டுவிட்டாள்.

அந்த ஒரு கட்டளையை அடிப்பதற்கு முன்னால் செய்யவேண்டியவை என்று சில இருந்தன. முதல் இரண்டு நாள் எந்தக் கருவியைக் கொண்டு தளத்தைக் கட்டுவது என்று ஆராய்ந்தான். மூன்றாவது நாள், கருவியை நிறுவும் கருவியை நிறுவினான். நான்காவது நாள் அந்த இரண்டாவது கருவிக்கு வயதாகிவிட்டது என்று தெரிந்து அதைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டான். ஐந்தாவது நாள் இரவுநேரக் கருப்பு வண்ணம், பகல்நேர வெள்ளை வண்ணம் என்று இரண்டு தீம் செய்தான். எட்டரை மணிக்கெல்லாம் விளக்கணைத்துப் படுத்துவிடுகிற மனிதர்களுக்கு இரவு வண்ணம் எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, அது இல்லாவிட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்றான். யார் மதிக்கமாட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

நோட்டிலிருந்த குறிப்புகளைத் தட்டச்சு செய்து தரும் பொறுப்பு அத்தானிடம் வந்தது. அத்தான் ஓர் அச்சகத்தில் முப்பது வருடமாக மெய்ப்புத் திருத்துபவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. கட்டளை அவருக்கு ஒரு மாதிரிக் கோப்பு அனுப்பினான். மேலே மூன்று சிறு கோடு, அப்புறம் தலைப்பும் தேதியும், அப்புறம் மறுபடி மூன்று சிறு கோடு, அதற்குக் கீழே கட்டுரை. அத்தான் பன்னிரண்டையும் இரண்டே நாளில் பிழையில்லாமல் அடித்துத் தந்தார். கட்டளை தன் கட்டளையை அடித்தான். கருப்புத் திரை முழுக்கச் சிவப்பாகத் திட்டு விழுந்தது.

ஒன்றரை நாள் மண்டை காய்ந்த பிறகு காரணம் அகப்பட்டது. மூன்று சிறு கோடுகளை அத்தான் பிழையென்று நினைத்து, அச்சில் போடுவதுபோல ஒரே நீளக் கோடாகத் திருத்தியிருந்தார். பன்னிரண்டு கோப்பிலும், மேலும் கீழுமாக இருபத்துநான்கு இடத்தில், ஒன்றுகூட விடாமல்.

"மூணு கோடா துண்டு துண்டா இருந்துச்சு தம்பி. பாக்க நல்லால்ல" என்றார் அத்தான்.

"அத்தான், உங்க கால்ல வேணாலும் விழறேன். இனிமே எதையும் திருத்தாதீங்க. கம்ப்யூட்டர் வச்சது வச்சபடி இருக்கட்டும்."

அத்தான் சிவப்புப் பேனாவைப் பைக்குள் செருகிக்கொண்டார். மனிதர் ரோஷக்காரர். சொன்ன சொல்லை அப்படியே கடைப்பிடித்தார். அதன் பலன் பின்னால் வரும்.

ஒன்பதாவது நாள் ஒவ்வொரு பக்கத்துக்கும் இணைய முகவரி அமைக்கும் வேலை. தலைப்பிலிருந்து முகவரியைக் கருவியே தயாரித்துவிடும், ஆனால் அது "சுத்தமாக" இருக்க வேண்டும் என்று எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் தன் வலைப்பூவில் எழுதியிருந்தான். எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கோடு, புள்ளி, குறி எல்லாவற்றையும் உதறிவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வரி ஒன்றையும் கொடுத்திருந்தான். அவன் மொழியில் எழுத்துக்கு மேலே எங்கேயோ ஒரு புள்ளி, எப்போதோ ஒரு கோடு. உதறினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. கட்டளை அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டினான். தமிழில் எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பவை எவையெவை என்று அவன் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கருப்புத் திரையில் முகவரிகள் வரிசையாக ஓடின. அந்தத் திரையில் தமிழ் என்றைக்கு ஒழுங்காகத் தெரிந்திருக்கிறது? கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்துபோய்த்தான் எப்போதும் தெரியும். அது அவனுக்குப் பழகிப்போன காட்சி. எழுத்துகள் மொட்டையாக நின்றதைப் பார்த்தும் அவனுக்கு உறைக்கவில்லை. தளம் முழுவதும் ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கில் தயாராகிவிட்டது என்று கடைசி வரி சொன்னது. அதைத்தான் பார்த்தான். நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தான்.

மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி, மையத்தின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தரும்படிதான் கேட்டிருந்தார். தாளாவது ஒன்றாவது! தன் தளமே அந்த முகவரிகளின் பட்டியல் கோப்பு ஒன்றைத் தயாரித்துத் தரும், அதிலிருந்து உங்கள் கணினியே பெயரையும் முதல் குறிப்பையும் எடுத்துச் சீட்டில் அச்சடித்துக்கொள்ளட்டும், மனிதக் கை பட்டால்தான் தப்பு வரும் என்று கட்டளை நேரில் போய் விளக்கினான். அதிகாரிக்கு ஒரு வேலை மிச்சம். சரி என்றுவிட்டார். சீட்டை இயந்திரம் அடித்தது, ஊழியர்கள் மருந்துக் காகிதங்களோடு சேர்த்துப் பின் குத்தினார்கள். படிக்கிற வேலையை நோயாளிகளுக்கு விட்டுவிட்டார்கள்.

தளம் வெளிவந்த அன்று எல்லோரும் அத்தானின் கணினியைச் சுற்றி நின்றார்கள். அக்கா தன் குறிப்புகளைத் திரையில் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். உள்ளே ஒரு பிழை கிடையாது. எல்லாம் அத்தான் பார்த்தது. அவர் மட்டும் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, திரையின் மேல் விளிம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மேல இருக்கிற வரில ஒரு எழுத்துக்கும் காலே இல்லையே."

"அது அட்ரஸ், அத்தான். மெஷினுக்கானது. அதை மனுஷங்க யாரும் படிக்க மாட்டாங்க."

"இல்ல, படிச்சா ஒரு மாதிரி..."

"அத்தான்" என்றான் கட்டளை. அத்தானுக்குத் தான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

சீட்டுகள் போகத் தொடங்கின. முதல் வாரம் யாரும் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் இரண்டு நாள் அசதியாக இருக்கும், அப்புறம் வருவார்கள் என்றாள் அக்கா. வண்டியைக் கழுவி வைத்தாள். பத்தாவது நாளும் யாரும் வரவில்லை. கட்டளை தினமும் மாலையில் வந்து வரைபடம் காட்டினான். சீட்டில் அச்சாகியிருந்த கியூஆர் சதுரக் கட்டத்தைப் போனில் காட்டி முப்பத்தெட்டுப் பேர் தளத்துக்கு வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் சராசரி நான்கு நொடி தங்கியிருந்தார்கள். பக்கம் அவ்வளவு வேகமாகத் திறக்கிறது, அதனால்தான் நான்கே நொடியில் படித்துவிடுகிறார்கள் என்று விளக்கம் சொன்னான். அக்கா அந்த மரப்படிகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். யாரும் ஏறாத படியில் தூசியும் இல்லை. இருந்தாலும் துடைத்தாள்.

பதின்மூன்றாவது நாள் மதியம் போன் அடித்தது. பழைய ஆட்களில் ஒரு அம்மாளின் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால், ஸ்பீக்கரில் போடச் சொன்னாள் அக்கா. அன்று லீவு போட்டு வந்திருந்த கட்டளை போட்டான். பேசியவர் நடுத்தர வயதுக் குரல்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு மிகவும் பணிவாக ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிச் சீட்டில் இந்த எண் இருந்ததாம்.

அக்காவின் கண் பளிச்சென்றது. முழங்காலை விடாமலேயே போனை நோக்கிச் சாய்ந்தாள்.

"வீட்டுக்கு வண்டி அனுப்புவீங்களா?"

"வாசலுக்கே வரும்."

"ஆளை யாரு தூக்கி வைப்பாங்க?"

"நாங்க ரெண்டு பேர் வருவோம். எங்களுக்குப் பழக்கந்தான், நீங்க கவலைப்படாதீங்க."

"வண்டி எத்தனை மணிக்கு வரும்?"

"காலைல எட்டு மணிக்கு. வெறும் வயித்தோட அனுப்பாதீங்க. லேசா ஏதாவது சாப்பிட வச்சிடுங்க."

"சாப்பிட வச்சா?"

"ஆமா. பதினோரு மணிக்குத் திரும்பக் கொண்டு வந்து விட்டுடுவோம்."

"திரும்பவா?"

"வாரத்துக்கு மூணு நாள் வரணும் இல்லையா?"

முழங்கால் அம்மாள்கூட என்னவென்று தலையைத் தூக்கினாள். பிறகு அந்தக் குரல் தயங்கித் தயங்கிச் சொன்னது. "எனக்கு ஒண்ணும் புரியலம்மா. அப்பா இன்னும் இருக்காரு. ஆஸ்பத்திரியே எழுதிக் குடுத்துட்டாங்க, முன்கூட்டியே கேட்டு வச்சுக்கலாம்னுதான் கூப்பிட்டேன்."

அக்கா முழங்காலைக் கீழே வைத்தாள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து படிக்கச் சொன்னாள்.

"அடுத்துச் செல்ல வேண்டிய இடம்னு போட்டு, மதயர... அது என்னன்னு தெரியல... சவ மயம. அதுக்குக் கீழ, முதலில் செய்ய வேண்டியதுன்னு போட்டு, கல நட. புள்ளி விட்டுப்போச்சு போல. கல் நடச் சொல்லியிருக்காங்க."

கட்டளைக்கு அப்போதுதான் உறைத்தது. முதியோர் சேவை மையம் என்பதில் கொம்பையும் காலையும் சுழியையும் புள்ளியையும் உதறினால் மதயர சவ மயம. அவள் முதலாவதாக எழுதிய குறிப்பு, காலை நடை. அதை உதறினால் கல நட. இடுப்பெலும்பு கூடி, பிழைத்தோம் என்று வீட்டுக்குப் போன நாற்பது கிழவர் கிழவிகளின் கையில், அடுத்து பிணமாகுங்கள், முதல் வேலையாகக் கருமாதிக் கல்லை நடுங்கள் என்று எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தான் அவன். பக்கத்தைத் திறந்தும் மேல் வரியில் அதே சவ மயத்தைப் பார்த்தால் நான்கு நொடிக்கு மேல் யார் தங்குவார்கள்?

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா.

"அவருதானே முதல்ல படிச்சாரு. பஸ் கண்டக்டரா இருந்தவரு. சீட்டுன்னா எழுத்து விடாம படிப்பாரு. படிச்சுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவரு. இன்னைக்கு எட்டு நாளு. கால் தரையில படல."

அக்கா விலாசம் வாங்கிக்கொண்டு, நாளைக்குக் காலையில் தானே வருவதாகச் சொல்லி வைத்தாள். தம்பியை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்டாள், முதல் நாள் கேட்ட அதே குரலில்.

ஒரு நாளும் ஆகவில்லை. ஒட்டிய வரியை நீக்கினான், கட்டளையை அடித்தான், நொடியில் பத்தில் மூன்று பங்கில் எல்லா எழுத்துக்கும் கால் முளைத்துவிட்டது. உண்மையாகவே ஒரே கட்டளைதான். ஆனால் மருத்துவமனை ஏற்கெனவே கொடுத்த சீட்டுகளிலிருந்த சதுரக் கட்டம் பழைய மொட்டை முகவரிக்குத்தான் கூட்டிப்போகும். அது இப்போது இல்லாத முகவரி. ஆகவே ஒவ்வொரு மொட்டை முகவரியையும் உயிரோடு வைத்து, அங்கே வருகிறவர்களைச் சரியான பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். பன்னிரண்டு குறிப்பும் பெயர்ப் பக்கமும் சேர்த்துப் பதின்மூன்று பிழைகள், ஒரு புள்ளிகூடச் சேர்ந்துவிடாமல், பிழையாகவே கையால் அடிக்கப்பட வேண்டும்.

அதைச் சரிபார்க்க அத்தானைவிட்டால் ஆள் ஏது? கட்டளை தானே போய்க் கேட்டான். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மழஙகல வல என்று அவர் வாசிக்க, இவன் அடித்தான். ஓரிடத்தில் அவன் கை பழக்கத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட, "தப்பு. சரியா எழுதிட்ட" என்றார்.

முடித்துவிட்டு எழுந்தபோதுதான் மனதிலிருந்ததைச் சொன்னார். "முப்பது வருஷமா பிழையைத் திருத்தினேன் தம்பி. பிழை பிழையாவே இருக்கான்னு பாத்தது இன்னைக்குத்தான்." பிறகு பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அவன் கையில் கொடுத்தார். எதற்கு என்று கட்டளைக்குப் புரியவில்லை. இந்த நிலையில் கேட்கவும் தைரியமில்லை, வாங்கிக்கொண்டான்.

மறுநாள் பதினான்காவது நாள். அதிகாரியிடம் கெஞ்சி அடித்து வாங்கிய புதுச் சீட்டோடு கட்டளை வண்டியில் ஏறினான். நாளை மாலைக்குள் ஒரு ஆள் வந்தாக வேண்டும் என்பதையே வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். அக்கா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "பட்டியலுக்காக வர்றதா இருந்தா இங்கயே எறங்கிக்க. அந்த மனுஷன் எழுந்திருக்கணும். அதுக்காக வர்றதுன்னா வா" என்றாள். கட்டளை இறங்கவில்லை.

அது முதல் தளத்தில் ஒரு சின்ன வீடு. உள்ளறையில் கட்டில், அதில் சுவரைப் பார்த்தபடி ஒரு முதுகு. மகன் மெதுவாகக் கூப்பிட்டும் முதுகு அசையவில்லை. அக்கா கட்டளையை முன்னால் தள்ளிவிட்டாள். அவன் முதுகிடம் நடந்ததைச் சொன்னான். முகவரி, கருவி, வெளிநாட்டுக்காரன் கொடுத்த வரி என்று ஏதேதோ சொல்ல ஆரம்பித்தான், பாதியிலேயே அது எதற்கும் உதவாது என்று அவனுக்கே தெரிந்துபோயிற்று.

"ஐயா, தப்பு என்னோடதுதான். உங்க காலுக்கு ஒண்ணும் ஆகல. எழுத்துக்குத்தான் கால் போச்சு."

முதுகு மெல்லத் திரும்பி முகமாயிற்று. ஒன்பது நாள் வெள்ளைத் தாடி. கண் மட்டும், நிற்கிற பேருந்தில் சீட்டு வாங்காதவன் யார் என்று தேடுகிற கண். கட்டளை புதுச் சீட்டை நீட்டினான். பெரியவர் அதைத் தொடவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து, ஒன்பது நாள் படுத்துப் படுத்துக் கசங்கிய பழைய சீட்டை எடுத்தார்.

"ஒரு பயணத்துக்கு ஒரு சீட்டுதான்" என்றார். "இதுல என்ன போட்டிருக்கோ அங்கதான் எறக்கி விடணும். தப்புன்னா இதுலயே திருத்து."

கட்டளைக்கு அப்போதுதான் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனா நினைவுக்கு வந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சீட்டை முழங்காலில் வைத்து நீவினான். அவன் கையால் எழுதிப் பல வருடம் ஆகியிருந்தது. பேனா வழுக்கியது. ம-வுக்குக் கீழே சுழி போட்டான். த-வுக்கு மேலே கொக்கி. ச-வுக்கு முன்னால் இரட்டைக் கொம்பு வைக்க இடமே இல்லை. இருந்த துளி இடத்தில் நெருக்கி வைத்தான், அது சற்றுக் கோணலாக வந்தது. ஒவ்வொன்றாகப் போடப் போட, தான் எத்தனை பிடுங்கியிருக்கிறோம் என்று கை கணக்குச் சொன்னது. கடைசி வரிக்கு வந்து, க-வுக்குப் பக்கத்தில் ஒரு காலை நட்டான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வராந்தாவில் பின்னாலேயே வந்த அந்த எண்ணிக்கை காதில் கேட்டது. குனிந்தே இருந்தான்.

பெரியவர் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "திருத்தினா கையெழுத்து வேணும். பேரு போடு."

கட்டளை என்று போட முடியாது. பெற்றவர்கள் வைத்த பெயரை, அவனே மறந்துபோனதை எழுதுகிறவன்போல நிதானமாக எழுதினான்.

"காலைப் போட்டாச்சா?"

"போட்டாச்சுய்யா."

"சரி. அப்ப என் காலைக் கீழ எறக்கு."

அக்கா வந்து ஒரு பக்கம் பிடித்தாள், கட்டளை ஒரு பக்கம். ஒரு கால் தரையைத் தொட்டது, சில்லென்று இருந்திருக்க வேண்டும், விரல்கள் சுருங்கின. பிறகு மறுகால். அக்கா எண்ண ஆரம்பித்தாள். ஆறு எண்ணும்வரை பெரியவர் நின்றார். ஏழில் முழங்கால் ஆடியது, உட்கார வைத்தார்கள். மகன் கதவுக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பெரியவர் மூச்சு வாங்கினார். திருத்திய சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்துக் கேட்டார். "நாளைக்கு வண்டி எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு ஐயா."

அவர் தலையாட்டினார். அப்புறம் ஏதோ சந்தேகம் வந்தவர்போலக் கட்டளையின் பக்கம் திரும்பி, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பக் கொண்டு வந்து விட்டுடுவீங்கல்ல?"

"நானே கூட வந்து விடறேன்யா" என்றான் அவன்.